வெள்ளை எனாமல் வைத்த மூன்று ஸ்க்ரூ

தம்பி,

உன் கல்லூரி ராக்கெட் சங்கத்திலிருந்து போன வாரம் ஒரு பையன் போனில் கூப்பிட்டான். ஆண்டு மலர் போடுகிறார்களாம். அந்தக் கல்லூரியில் முதன்முதலாக ஒன்பதடி ராக்கெட் செய்தவனைப் பெற்றவள் என்கிற முறையில், மகனைப் பற்றிப் பெருமையாக நான்கு வரி எழுதித் தர வேண்டுமாம். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள் என்றேன். பரவாயில்லைம்மா, தப்பு இருந்தால் நாங்கள் திருத்திக்கொள்கிறோம் என்றான். அவன் பேசுகிற லட்சணத்தைக் கேட்டால் அவனையே திருத்த நாலு பேர் வேண்டும் போலிருந்தது. சரி என்றேன். நான்கு வரி கேட்டவனுக்குப் பாதி நோட்டு எழுதி அனுப்புகிறேன். அதில் பெருமை எத்தனை வரி தேறும் என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். உனக்குத் தனியாக எழுதிக் கூரியரில் போட்டிருக்கலாம், போடமாட்டேன். இது நாலு பேர் பார்க்க நடந்த காரியம். நாலு பேர் பார்க்கத்தான் இதைப் பேச வேண்டும்.

உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. பைப்புக் கட்டுக்கும் சிமென்ட் சட்டிக்கும் நடுவில், நம் கடையிலேயே கொஞ்சம் சுத்தமான இடமாகப் பார்த்து அடுக்கி வைத்திருக்கிறேன். யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று நீ அனுப்பிய பட்டியலையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். என்ன பட்டியல் அது! உன் கம்பெனியில் உனக்கு லீவு தராமல் இழுத்தடிக்கிற மேனேஜருக்கு உண்டு. ஒருநாள் ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்து வந்தவருக்கு உண்டு. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் உன்னைப் பார்த்து எழுதி உன்னை விட அதிக மார்க் வாங்கினானே, அந்தக் கழுதைக்கும் உண்டு. எம்.ரெட்டியபட்டி ஜெபசிங்குக்கு இல்லை. மறந்திருப்பாய் என்று போன் பண்ணிக் கேட்டேன். "அவன் பேச்ச எடுக்காதம்மா, அவனாலதான் எல்லாம் போச்சு" என்று வைத்துவிட்டாய். மூன்று வருஷமாக உன் வாயில் இந்த ஒரு வரிதான். அவனால் போகவில்லை. யாரால் போனது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த நோட்டு.

முதலிலிருந்து வருகிறேன். நீயும் அவனும் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் கடைக்குள் வந்து, ராக்கெட் செய்யப் போகிறோம், பின்கட்டு குடோன் வேண்டும் என்றாய். அவன் உனக்குப் பின்னால் நின்றான். அவன் நின்றால் நம் கடையில் அரையங்குல பைப்புக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரியாது. தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கிறதே என்றேன். நீ முறைத்தாய். வாணம் ஒரு தடவை போய் எரிந்து சாம்பலாகிவிடும், இது மேலே போய் பாராசூட்டில் இறங்கி வரும், துடைத்து வைத்து மறுபடியும் விடலாம், பத்துத் தடவை விட்டாலும் தாங்குகிற மாதிரி செய்யப் போகிறோம் என்றாய். போனது போன மாதிரியே திரும்பி வருமா என்று கேட்டேன். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது கொண்டுவந்த பித்தளைக் குத்துவிளக்கே முழுசாக இல்லை, நீ ஆகாசத்துக்கு அனுப்பி முழுசாகத் திரும்ப வாங்கப் போகிறாயாக்கும் என்று கேலி பண்ணினேன். ஜெபசிங் சிரித்தான். நீ சிரிக்கவில்லை. உனக்கு அப்போதிருந்தே இந்த வியாதி உண்டு. உன் ராக்கெட்டைப் பற்றி யார் சிரித்தாலும் உனக்குக் காது சிவந்துவிடும்.

அப்புறம் நான் பெரிய மனசு பண்ணி, குடோனில் கிடந்த ஆறங்குல பிவிசி பைப் ஒன்றைத் தூக்கிக்கொள்ளச் சொன்னேன். அதுதான் உடம்புக்கு ஆகும், இருபது வருஷம் மண்ணுக்குள் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்றேன். நீ அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, பிவிசி வேண்டாம்மா, அடி பட்டால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும், பக்கத்தில் நிற்கிறவன் கண் போய்விடும் என்றாய். எனக்கு வந்ததே கோபம். நம் கடைச் சரக்கை நம் கடையிலேயே நின்று, நான் பெற்ற பிள்ளையே குறை சொல்கிறான். சரி, பைப்பை விடப் பெரிதாக என்னத்தைக் கொண்டுவரப் போகிறான் என்று பார்த்தால், மறுநாள் ரெண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் பாதி உள்ளே பாதி வெளியே நீட்டிக்கொண்டு ஒரு அட்டைக் குழாயைக் கொண்டுவந்து இறக்கினீர்கள். மில்லில் துணி சுற்றி வருமே, அந்தக் குழாய். காகிதம்! நான் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பெயின்ட் வாங்க வந்த கொத்தனார், எதற்கென்று தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தார். மழை பெய்தால் கரைந்துபோகிற சாமானை வைத்துக்கொண்டு பத்துத் தடவை தாங்கும் என்கிறாயே என்றேன். நம் ஊரில் எங்கேம்மா மழை பெய்கிறது என்றாய். அது ஒன்றுதான் நீ அந்த வருஷம் சொன்ன உருப்படியான பேச்சு.

அதற்குப் பிறகு அந்த அட்டையைச் சுற்றி நீங்கள் ரெண்டு பேரும் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. ஃபைபர் துணியைச் சுற்றி, பசை பூசி, காயவைத்துத் தேய்த்து, மறுபடியும் சுற்றி. அந்தத் தூசி பட்டு உனக்குக் கழுத்தெல்லாம் அரிப்பு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காராமல் சொறிந்துகொண்டே நின்றாய். ஜெபசிங் மட்டும் முழுக்கைச் சட்டை போட்டு, கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருவான். நன்றாகப் படிக்கிறவன் நீ, புத்தி அவனுக்கு என்று சொன்னேன். முதல் தடவை பூசிய பசை மூன்று நாளாகியும் காயாமல் பிசுபிசுவென்று கிடந்தது. கடையைக் கூட்டுகிற எனக்கு அது ஏன் என்று தெரியும். அந்தப் பசைக்கு ரெண்டு டியூப், ரெண்டையும் கண்ணளவாகப் பிழிந்து கலக்கினால் காயாது. தராசில் வைத்து எடை பார்த்துக் கலக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்று வருகிற ஆட்களுக்கெல்லாம் நான் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. உன்னிடம் சொன்னேன். நீ கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு வந்து, ஆமாம்மா என்றாய். அம்மா சொன்னால் போதாது, கம்ப்யூட்டரும் சேர்ந்து சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசினீர்கள். காய்ந்த பிறகு ரெண்டு செங்கல்லுக்கு நடுவில் பாலம் மாதிரி வைத்து அப்பாவை ஏறி நிற்கச் சொன்னாய். உன் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் படி ஏறுகிற மாதிரி பயபக்தியோடு ஏறி நின்றார். வளையவில்லை. பிறகு நானும் ஏறி நின்றேன். நான் எத்தனை கிலோ என்று ஊருக்கே தெரியும். அப்போதும் வளையவில்லை. காகிதத்துக்கு வந்த வாழ்வைப் பார் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன். உள்ளுக்குள் எனக்கு எப்படி இருந்தது என்று உன்னிடம் சொல்லவில்லை. இப்போதும் சொல்லமாட்டேன்.

ரெண்டாவது தடவையும் நான்தான் ஜெயித்தேன். ராக்கெட்டின் கூர்மூக்கையும் உடம்பையும் பாராசூட்டையும் சேர்த்துக் கட்ட, நீ ஒரு நூல் கயிறு மாதிரி ஏதோ வாங்கி வைத்திருந்தாய். இதில் கன்றுக்குட்டி கூடக் கட்டமாட்டார்களே என்றேன். லாரியில் லோடு ஏற்றி இறுக்குகிற பட்டை நாடா நம் கடையில் இருந்தது. அதை எடுத்துப் போட்டேன். ஜெபசிங் அதை இழுத்துப் பார்த்துவிட்டு, "அத்த சொல்றதுதான் சரிடா" என்றான். நீயும் ஒத்துக்கொண்டாய். ரெண்டு தடவை சரியாகச் சொல்லிவிட்டவளுக்குத் தலையில் கொம்பு முளைக்காமல் இருக்குமா? எனக்கு முளைத்தது. ராக்கெட் என்றால் என்ன பெரிய ராக்கெட், இதுவும் நட்டும் போல்ட்டும் பசையும் நாடாவும்தான், இந்தப் பயல்களை விட எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். பசைக்கும் நாடாவுக்கும் அது சரி. மிச்சத்துக்கு?

உங்கள் சார் ஒருநாள் வந்தார். வெயிலே இல்லாத குடோனுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றாரே, அவர்தான். அவர் பார்க்க, பின்கட்டு முற்றத்தில் ராக்கெட்டைப் படுக்கவைத்து, ஒரு சிட்டிகை வெடிமருந்து வைத்துச் சோதனை பண்ணினீர்கள். பட்டென்று ஒரு சத்தம். மூக்கு கழன்று பறந்துபோய்த் தண்ணீர்த் தொட்டி மூடியில் அடித்தது. பாராசூட் வெளியே வந்து விழுந்தது. நீயும் ஜெபசிங்கும் கட்டிப்பிடித்துக் குதித்தீர்கள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எல்லாரும் போன பிறகு முற்றத்தைக் கூட்டினேன். விளக்குமாற்றில் ஆறு துண்டு வந்தது. மூக்கை உடம்போடு பிடித்திருந்த மூன்று ஸ்க்ரூ. மூன்றும் வெள்ளைப் பிளாஸ்டிக். மூன்றும் நடுவில் ஒடிந்து கிடந்தன. எனக்குச் சிரிப்பாக வந்தது. ஒன்பதடி உயரம், ரெண்டு ஆள் தூக்க வேண்டிய கனம், அதற்கு மூக்கில் பொம்மைக்குப் போடுகிற ஸ்க்ரூ. சோதனையிலேயே ஒடிந்துபோனது, அதைக் கூடப் பார்க்காமல் குதிக்கிறான்கள் கூமுட்டைகள் என்று நினைத்தேன். உன்னைக் கூப்பிட்டு, இது ஏன்டா ஒடிந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷம் ஸ்க்ரூ விற்றவள், ஸ்க்ரூவைப் பற்றி உன்னிடம் போய்க் கேட்பேனா?

பங்குனி மாதம், கண்மாய் வற்றிக் கிடந்த சமயத்தில் விடுவதாக ஏற்பாடு. திருச்சுழி தாண்டி நரிக்குடி போகிற வழியில் இடம் பார்த்து, உங்கள் கல்லூரி எல்லா அனுமதியும் வாங்கி, மோட்டாரையும் அவர்களே கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டார்கள். அன்று விடியற்காலையில் பாராசூட்டை மடித்து வைத்து, மூக்கை மாட்டி, மூன்று ஸ்க்ரூவையும் முடுக்கி, ராக்கெட்டைக் கடையில் பெயின்ட் டப்பாக்கள் மேல் படுக்கவைத்துவிட்டு, நீங்கள் ரெண்டு பேரும் குளித்துச் சாப்பிடப் போனீர்கள். மருந்தை மட்டும் அங்கே போய் அடிப்பக்கமிருந்து வைப்பதாகப் பேச்சு. நான் கடை திறக்க வந்தேன். மூக்கைப் பார்த்தேன். மறுபடியும் அதே பிளாஸ்டிக். நான் நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் ஸ்டீல் ஸ்க்ரூ டப்பா. அதே அளவு, அதே மரை. எடுத்தேன், பிளாஸ்டிக்கைக் கழற்றினேன், ஸ்டீலை வைத்து ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் ஒரு சுற்றுக் கூடவே முடுக்கினேன். வெள்ளை உடம்பில் ஸ்டீல் தலை பளபளவென்று உன் கண்ணை உறுத்தும், நீ கழற்றிவிடுவாய் என்று, மூன்று தலையிலும் ஒரு சொட்டு வெள்ளை எனாமல் வைத்தேன். அம்மா செய்தால் எப்படிச் செய்வாள் என்று பார், ஆகாசமே ஆட்டினாலும் இனி இது கழன்று விழாது என்று ராக்கெட்டின் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். அந்தத் தட்டு இன்னும் என் கையில் இருக்கிறது.

கண்மாய்க்குள் எத்தனை கூட்டம்! நூறு பேருக்குக் குறையாது. நம் சொந்தக்காரர்கள் இது நிலாவுக்குப் போகுமா என்று கேட்டார்கள். இல்லை, நரிக்குடி வரைக்கும்தான் டிக்கெட் என்றேன். ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி என் பக்கத்தில் வந்து நின்று, "இது மழைக்கு விடுறதா தாயி?" என்றாள். ஆமாம், மேலே போய் மேகத்தை ஒரு குத்துக் குத்திவிட்டு வரும் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மேகம் எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டாள். நீ ராக்கெட்டைக் கம்பியில் செங்குத்தாக நிறுத்திவிட்டுத் தள்ளி வந்தாய். ஜெபசிங் மட்டும் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு ராக்கெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒவ்வொன்றாகத் தொட்டு, தாளில் டிக் அடித்தான். மூக்குப் பக்கம் எம்பி நின்று விரலால் தொட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியதை நான் பார்த்தேன். எண்ணிக்கோ ராசா, இந்தத் தடவை அம்மா போட்டது, ஒடியாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அது போனதே, அதைப் பற்றி மட்டும் கேலி பண்ண எனக்கு வார்த்தை கிடையாது. மண் பறந்தது, சத்தம் நெஞ்சுக்குள் அடித்தது, நிமிர்ந்து பார்ப்பதற்குள் வெள்ளைக் கோடு மட்டும்தான் இருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்று அப்பா சொல்வார். உண்மைதான். எல்லாரும் கையைக் கண்ணுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு பாராசூட் விரியும் விரியும் என்று பார்த்துக்கொண்டே நின்றோம். விரியவில்லை. விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஆடுகள்தான் முதலில் ஓடின. கூட்டத்துக்கு ரொம்பத் தள்ளி, கண்மாய் நடுவில், வெடித்துக் கிடந்த கரிசலுக்குள் நட்டுக்குத்தலாக இறங்கியது. போய்ப் பார்த்தால் மூன்று றெக்கையும் அதை ஒட்டி ஒரு சாண் உடம்பும் மட்டும் வெளியே நிற்கின்றன. றெக்கை ஒன்று கூட உடையவில்லை. நீ நன்றாகத்தான் செய்திருந்தாய், தம்பி. நாலு வரிப் பெருமை கேட்ட பையனுக்கு அதில் இது ஒரு வரி.

அப்பாவும் இன்னும் ரெண்டு பேரும் கடப்பாரையால் தோண்டினார்கள். மூக்கு நசுங்கிச் சப்பையாக வந்தது. உச்சியில் மருந்தைக் கொளுத்துகிற சின்னப் பெட்டியை உங்கள் சார் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்துவிட்டு, பெட்டி சரியான நேரத்தில் கொளுத்தியிருக்கிறது, மூக்குதான் கழலவில்லை என்றார். அந்தப் பிளாஸ்டிக் ஸ்க்ரூ அந்த நேரத்தில் ஒடிய வேண்டும், ஒடிவதற்குத்தான் அதைப் போடுவது, மருந்து பத்தாமல் ஒடியாமல் நின்றுவிட்டது என்று கூட்டத்துக்கு விளக்கினார். ஒடிவதற்கென்றே ஒரு ஸ்க்ரூ உலகத்தில் உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரியும். மோர்க் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மருந்தை அளந்தவன் ஜெபசிங். நீ அவன் பக்கம் திரும்பினாய்.

"ஏலே, ஒனக்கு ஒரே ஒரு வேலதான குடுத்தேன். நீ தொட்டது எதுலே வெளங்கியிருக்கு?"

நூறு பேர் முன்னால் சொன்னாய். அவன் அம்மா அந்தக் கூட்டத்தில் நின்றாள்; மகன் ராக்கெட் விடுகிறான் என்று தேவாலயத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஜெபசிங் தன் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம், "நான் மூணு தடவ எண்ணுனேன்டா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கரையேறி பஸ்ஸுக்கு நடந்தான். நான் வாயைத் திறந்திருக்கலாம். காய்கறிக்காரன், பால்காரன், தாலுகா ஆபீஸ் பியூன், யாரிடம் நான் வாயை மூடியிருக்கிறேன்? என் வாழ்நாளில் இந்த வாய் திறக்காத நாள் அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் அப்பா கடைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து மூன்று ஸ்க்ரூவை எடுத்தார். மூக்கைத் தோண்டி எடுத்ததே அவர்தான். யாரும் பார்ப்பதற்கு முன்னால் கழற்றிப் பைக்குள் போட்டிருக்கிறார். என்னைப் பார்க்கவில்லை. அலமாரியில் சரியான டப்பாவைத் திறந்து, மூன்றையும் உள்ளே போட்டு மூடினார். "சாப்புட்டியா?" என்று கேட்டார். அந்த ஸ்க்ரூவைப் பற்றி மூன்று வருஷமாக ஒரு வார்த்தை இல்லை. இருபத்தைந்து வருஷமாக இந்த மனுஷருக்கு வாய் இல்லை என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தேன். நான் மறுநாள் அந்த மூன்றையும் டப்பாவிலிருந்து பொறுக்கி எடுத்து, சாமி படத்துக்குப் பின்னால் ஒரு காகிதத்தில் சுற்றி வைத்தேன். வெள்ளைத் தலையோடு அவற்றை யாருக்கு விற்பது?

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நாளைக்குச் சொல்லலாம் என்று முதல் வாரம். உனக்குப் பரீட்சை என்று அடுத்த மாதம். உனக்கு வேலை கிடைத்துவிட்டது, அவனுக்கும் மில்லில் எலக்ட்ரீஷியன் வேலை, எல்லாம் மறந்துபோயிருக்கும் என்று அப்புறம். இதெல்லாம் சாக்கு. ஊரில் எல்லாரையும் பார்த்துச் சிரித்தவளைப் பார்த்து ஊர் சிரித்துவிடும் என்கிற பயம்தான் உண்மை. ஸ்க்ரூக் கடைக்காரிக்கு ஸ்க்ரூ தெரியவில்லை என்று அந்தக் கொத்தனார் வரைக்கும் சொல்வாரே. அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாதவள் ஒரு பிள்ளையின் தலையில் பழியைத் தூக்கி வைத்துவிட்டு, மூன்று வருஷம் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் போல ஒரு கோழையை நான் நம் தெருவில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் விட்டிருக்கவும் மாட்டேன்.

ஆனால் உன்னையும் விடப்போவதில்லை. நீ இப்போது கம்பெனியில் யாரையும் எதையும் தொட விடுவதில்லையாமே. நட்டு முடுக்கினாலும் நீயே முடுக்கி, நீயே சரிபார்த்து, நீயே டிக் போடுகிறாய் என்று போனில் பெருமையாகச் சொன்னாய். அது பெருமை இல்லை, தம்பி. ஜெபசிங் மேல் வைத்த சந்தேகத்தை நீ உலகம் பூராவுக்கும் பங்கு வைத்துக்கொண்டிருக்கிறாய். அந்தச் சந்தேகமே தப்பு. நாளைக்கு உன் வீட்டுக்கு ஒரு பெண் வரப்போகிறாள். அவள் பூட்டிய கதவை நீ போய் இழுத்துப் பார்ப்பாய். அவள் அடைத்த சிலிண்டரை நீ போய் மறுபடி அடைப்பாய். என்னை மாதிரி அவள் பார்க்காதபோது எதையாவது மாற்றி வைத்து, மேலே பெயின்ட்டும் அடிப்பாய். வேண்டாம். ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்டுவிடு. கேட்டால் அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டுமே.

போன ஞாயிற்றுக்கிழமை நான் எம்.ரெட்டியபட்டி போனேன். ஜெபசிங் தேவாலயத்திலிருந்து வந்து, வீட்டு வாசலில் உட்கார்ந்து யாருடைய மிக்ஸியையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். இப்போது கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். முக்கால் அங்குல பைப் என்று சொல்லலாம். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கத்தே" என்றான், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. அவன் அம்மா டீ போட உள்ளே போனாள். அவளும் இருக்கட்டும் என்று கூப்பிட்டு, ரெண்டு பேர் முன்னாலும் சொன்னேன். பிளாஸ்டிக்கைக் கழற்றியது, ஸ்டீலை வைத்தது, எனாமல் அடித்தது, எல்லாம். அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு உரியதுதான். அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் ஆள்காட்டி விரலைப் பார்த்தான்.

"பெயின்ட்டு ஈரமா இருந்துச்சு அத்தே. எண்ணும்போது வெரல்ல ஒட்டுச்சு. கடைசி நேரத்துல அவன் எதையோ மாத்தியிருக்கான்னு நெனச்சேன்."

பிறகு ஏன்டா அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"சாரு நின்னாரு. அவன் வேலைக்கு அவர்தான் எழுதிக் குடுக்கணும். என்னத்தச் சொல்லச் சொல்றீக?" என்றவன், மிக்ஸி மூடியை எடுத்துத் துடைத்தான். "திட்டுனது பெரிசில்லத்தே. தானே மாத்தி வச்சிட்டு என்னையத் திட்டுறானேன்னுதான். அப்ப, அவனுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன்.

"நெசமாவே தெரியாதா?" என்று மறுபடியும் கேட்டான். அவன் அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் எதையோ துடைத்தேன், வெயில்.

இதுதான் நடந்தது. மலர் போடுகிற பையன்களே, இதில் ஒரு எழுத்தைக் கூடத் திருத்தாதீர்கள். நூறு பேர் கேட்க அவன் தலையில் விழுந்தது, நூறு பேர் படிக்க இறங்கட்டும். தம்பி, உன் பத்திரிகையை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை. கையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். அவன் கேட்ட கேள்விக்குப் பிறகு கொடுக்கக் கை வரவில்லை. அது நீ கொடுக்க வேண்டியது. லீவு கிடைத்ததும் வா. வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஷேர் ஆட்டோவில் ஏறி நேராக அங்கே போ. சார் கம்ப்யூட்டரில் பார்த்தது தப்பாகுமா, மருந்துதான் பத்தவில்லை என்று உனக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், அதற்கும் வழி பண்ணியிருக்கிறேன். சாமி படத்துக்குப் பின்னால் இருந்த மூன்றையும் அவன் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வாங்கிப் பார். தலையில் என் எனாமல் இன்னும் இருக்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்து, மூக்கே சப்பையாகியும், மூன்றில் ஒன்று கூட வளையவில்லை.

நம் கடைச் சரக்கு.

உன் அம்மா